ஒத்து ஊதியவர் எங்கே?

மதுரையில் ஒரு கல்யாண வீடு. பந்தலில் மேளம் முழங்குகிறது. நாகசுரம் வாசிப்பவர் இருவர். தவில் இருவர். தாளம் போட ஒரு சிறுவன். ஆனால் ஒருவரைக் காணோம். அவர் உட்காரும் இடத்தில் சிறு பெட்டி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து ஒரே ஓசை விடாமல் வந்துகொண்டிருக்கிறது.

காணாமல் போனவர் யார்? ஒத்துக்காரர்!

ஓயாத மூச்சு

ஒத்து, பார்வைக்கு நாகசுரம் போலவே இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதில் கிடையாது. அடிப்பக்கத்தில் சில துளைகள் உண்டு. அவற்றை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். பிறகு அதில் வருவது ஒரே சுரம்தான்.

அந்த ஒரு சுரத்தை அறாமல் ஊத வேண்டும். மூச்சு வாங்க நிறுத்தக் கூடாது. கன்னத்தில் காற்றை அடக்கி, வாயால் மெல்லத் தள்ளும்போதே மூக்கால் மூச்சை இழுக்க வேண்டும். சித்திரைத் திருவிழாவில் சுவாமியுடன் மாசி வீதிகளைச் சுற்றி வருவதென்றால் சும்மாவா?

இவ்வளவு பாடுபட்டும் பெயர் கிடைத்ததா? எதற்கும் தலையாட்டுகிறவனை "ஒத்து ஊதுகிறான்" என்று ஊரே கேலி செய்கிறது. தலையாட்டுவது எளிது. ஒத்து ஊதுவது எளிதல்ல.

பெட்டி வந்தது

நாகசுரச் சக்கரவர்த்தி டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) ஒத்தை விட்டுத் தம்புராவை மேடையில் வைத்துக்கொண்டார். துருத்தி வைத்த சுருதிப் பெட்டியும் வழக்கத்துக்கு வந்தது. அதை அமுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. 1979-ல் பெங்களூர் எஞ்சினியர் ராஜ் நாராயண் மின்னணுத் தம்புராவைச் செய்தார். அவரே புல்லாங்குழல் வாசிப்பவர். மின்சாரச் சுருதிப் பெட்டிகள் வந்த பிறகு அமுக்கும் ஆளும் தேவையில்லாமல் போயிற்று. இன்று கைப்பேசியே சுருதி கொடுக்கிறது.

பெட்டிக்கு மூச்சு வாங்காது. பஸ் கட்டணம் வேண்டாம். சாப்பாடு வேண்டாம். கூலியில் பங்கும் வேண்டாம். கிடைக்கும் பணத்தை ஐந்தாறு பேர் பங்கிட வேண்டியவர்கள் பெட்டியை வாங்கியதில் குற்றம் சொல்ல முடியாது.

தோற்ற யந்திரம்

மேல்நாட்டு வாத்தியக் குழுக்களிலும் இதே ஆசை பிறந்தது. அங்கே தாழ்ந்த குரலில் 'டும் டும்' என்று கிதார் வாசிப்பவர் ஒருவர் உண்டு. அந்த வாத்தியத்துக்குப் பேஸ் கிதார் என்று பெயர். நம் ஊர் மெல்லிசைக் கச்சேரிகளிலும் பார்க்கலாம். அவர் இல்லாத குறையைத் தீர்க்க, ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1981-ல் ஒரு பெட்டியை வெளியிட்டது. டி.பி.303 என்பது அதன் பெயர். அது கிதார் போல ஒலிக்கவில்லை. அதில் சுரங்களைப் பதிப்பதும் பெரும்பாடு. 1984-ல் தயாரிப்பு நின்றது.

பம்பாய் சினிமாக் குழுக்களில் கிதார் வாசித்த சரண்ஜித் சிங் அதே பெட்டியையும் சேர்த்துக்கொண்டு பத்து ராகங்களை வாசித்து, 1982-ல் இசைத்தட்டாக வெளியிட்டார். பிறகு சிகாகோ இளைஞர்கள் அதன் குமிழ்களைத் திருகி, ஒரு புது நடன இசையையே உண்டாக்கினார்கள். கிதார்காரரோ தம் இடத்தில் இருந்தார்!

காரணம் என்ன? பேஸ் கிதார்காரர் டிரம்ஸ் வாசிப்பவரின் கையைப் பார்க்கிறார். பாடகர் ஒரு வரியை இழுத்தால் இவரும் காத்திருக்கிறார். ஒத்துக்காரருக்கு அந்த வேலை இல்லை. அவர் ஒரே சுரத்தில் நின்றார். அதனால்தான் பெட்டி அவரை எளிதில் தள்ளிவிட்டது.

பையன் எங்கே?

ஆனால் ஒத்து ஊதியவர் பல மேளங்களில் யார் தெரியுமா? வித்துவானிடம் பாடம் கற்கும் பையன்! இரவு முழுவதும் குருவின் பக்கத்திலேயே நிற்பான். மூச்சுப் பழகும். காது பழகும். எந்த இடத்தில் எந்த ராகம், எப்போது சீவாளியை மாற்றுவது, தவில்காரருக்கு எப்போது இடம் விடுவது என்பதெல்லாம் ஊதிக்கொண்டே கற்ற பாடம். கையில் நாலு காசும் கிடைக்கும். பெட்டி அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டது.

இன்று மதுரை பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. நாகசுரமும் தவிலும் கற்கலாம். நல்லதுதான். ஆனால் வகுப்பறையில் நள்ளிரவுச் சுவாமி புறப்பாடு ஏது?

மேளத்தில் இன்னும் ஓர் இடம் மிச்சம் இருக்கிறது. பெட்டிக்குப் பக்கத்தில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கிறானே, அந்தச் சிறுவனின் இடம்தான் அது. ஊரின் கேலி அவனையும் விடவில்லை. அவன் போடுவது ஜால்ராவாம்!