நிலவின் படம் யாருக்குச் சொந்தம்?

1966 பிப்ரவரி 3. சோவியத்தின் லூனா-9 நிலவில் மெல்ல இறங்கிற்று, படமும் அனுப்பிற்று. மாஸ்கோ உடனே வெளியிட்டதா? இல்லை!

இங்கிலாந்தின் ஜாட்ரெல் பாங்க் வானொலித் தொலைநோக்கியருகே இருந்தோர் அந்த ஒலியைக் கேட்டனர். அட, பத்திரிகை அலுவலகத்தில் படம் வாங்கும் கருவியின் ஒலியல்லவா இது! 'டெய்லி எக்ஸ்பிரஸ்' ஏட்டின் கருவியை இரவல் வாங்கிப் பொருத்தினர். கல்லும் மேடும் காகிதத்தில் எழுந்தன. பிப்ரவரி 5-ல் அந்த ஏடு அச்சிட்டது.

மாஸ்கோ சினந்தது. படத்தின் நீள அகலம் பிசகியிருந்தது. அதை நாமும் மறுக்கவில்லை. ஆனால், இறங்கும் கலம் புழுதியில் புதையும் என அறிஞர் சிலர் அஞ்சினரே, தரை தாங்குமென அந்தப் பிசகிய படமே காட்டிற்று! இங்கிலாந்துக்காரன் தேநீரோடு அதைப் பார்த்தான். கலத்தை உருவாக்கிய தொழிலாளியை ஏன் காக்க வைத்தீர்கள் என்றே கேட்கிறோம்.