சத்துமாவுப் பைக்கு லேபிள்: இலவச மென்பொருளே போதும்

விளைந்த கேழ்வரகையும் கம்பையும் மூட்டையாக விற்பதைவிட, மாவாக்கிப் பையிலிட்டு விற்றால் கூடுதல் விலை கிடைக்கிறது. பையில் விற்க லேபிள் வேண்டும். பெரும்பாலான உழவர்களும் மகளிர் குழுக்களும் இதை அச்சகத்தாரிடமே விட்டுவிடுகின்றனர். லேபிளின் மூலக்கோப்பும் அங்கேயே தங்கிவிடுகிறது. பிறகு விலாசம் மாறினாலும், எடை மாறினாலும் மீண்டும் வடிவமைப்புக் கூலி தர வேண்டியிருக்கிறது. குழுவில் கணிப்பொறி பழகிய ஒருவர் இருந்தால் இச்செலவைத் தவிர்க்கலாம்.

எத்தகைய மென்பொருள்?

வரைகலை மென்பொருள்கள் இரு வகைப்படும். ஒன்று படத்தைப் புள்ளிகளாக வைத்திருப்பது. இது புகைப்படத்துக்கு ஏற்றது. மற்றது கோடுகளாகவும் வளைவுகளாகவும் வைத்திருப்பது. லேபிளுக்கு இரண்டாவது வகையே சிறந்தது. கால் கிலோ பைக்கு வரைந்ததை ஐந்து கிலோ பைக்குப் பெரிதாக்கினாலும் எழுத்தின் ஓரம் மங்காது. புள்ளிப் படமாயின் அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை. 2 அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் உள்ள படத்துக்கு 600க்கு 900 புள்ளிகள் இருக்க வேண்டும்.

விலையின்றிக் கிடைப்பவை

கோடு வகையில் இங்க்ஸ்கேப் என்ற மென்பொருள் 2003 முதல் இலவசமாகக் கிடைத்து வருகிறது. சிறு தொழிலின் லேபிளுக்கு இது போதுமானது. விலைப்பட்டியல், துண்டறிக்கை போன்ற பக்க அமைப்புக்கு ஸ்கிரைபஸ் உதவும். அச்சகத்துக்கு வேண்டிய நான்கு வண்ண முறையிலும் அது கோப்பு தரும். புகைப்படத்தைத் திருத்த கிம்ப் உண்டு. மூன்றையும் வணிகத்துக்குத் தடையின்றிப் பயன்படுத்தலாம்.

இணையத்தில் இயங்கும் கேன்வா பழகுவதற்கு எளிது. ஆனால் சில படங்களுக்கும் வசதிகளுக்கும் கட்டணம் உண்டு. அதிலுள்ள ஆயத்தப் படங்களை வணிகக்குறியாகப் பதிவு செய்யவும் இயலாது. கோரல் டிரா, அடோபி இல்லஸ்ட்ரேட்டர் ஆகியவை திறமையானவை. ஆயினும் ஆண்டுக்கு இரண்டு மூன்று லேபிள் தயாரிப்போருக்கு அச்செலவு கட்டுப்படியாகாது. திருட்டுப் பிரதியை நாடுதல் கூடாது. அது சட்டவிரோதம், கணிப்பொறியில் வைரஸ் புகவும் அதுவே வழி.

தமிழ் எழுத்துச் சோதனை

எந்த மென்பொருளானாலும் முதலில் ‘கொள்ளு’, ‘சோளம்’, ‘பொட்டுக்கடலை’ என்று அடித்துப் பார்க்க வேண்டும். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் நிற்காமல் சிதறினால் அம்மென்பொருள் தமிழுக்கு உதவாது. ஸ்கிரைபஸின் பழைய 1.4 பதிப்பில் இக்குறை இருந்தது. 2024இல் வெளியான 1.6 பதிப்பு தமிழைச் சரியாகக் காட்டுகிறது. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற யூனிகோடு எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

லேபிளில் இடம்பெற வேண்டியவை

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளை மனத்தில் கொண்டே இடம் ஒதுக்க வேண்டும். பொருளின் பெயர், அளவில் மிகுந்தது முதலாகச் சேர்மானங்கள், ஊட்டச்சத்து விவரம், நிகர எடை, தயாரிப்பாளர் விலாசம், ஆணையத்தின் சின்னத்துடன் 14 இலக்க உரிம எண், தொகுதி எண், தேதிகள் ஆகியவை அவசியம். கோதுமை, நிலக்கடலை, சோயா சேர்ந்திருந்தால் ஒவ்வாமைக் குறிப்பும் வேண்டும். சைவ உணவுக்குப் பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம் இட வேண்டும். முகப்பின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் வரை இருப்பின் வட்டத்தின் விட்டம் 3 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. விவரங்கள் ஆங்கிலத்திலோ, தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருப்பது கட்டாயம். தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். எடை அளவுச் சட்டப்படி அதிகபட்ச சில்லறை விலையும் தேவை.

தேதி, தொகுதி எண், விலை ஆகியவற்றுக்கு வெற்றிடம் விட்டு, பிறகு முத்திரை குத்திக்கொள்வது நலம். இவற்றையும் சேர்த்து அச்சடித்தால் விற்காத லேபிள்கள் குப்பைக்கே போகும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்

• லேபிளின் அளவை மில்லிமீட்டரில் அமைத்து, நான்கு புறமும் வெட்டுக்கு 3 மில்லிமீட்டர் கூடுதல் நிறம் விட வேண்டும்.

• எழுத்துருவை அச்சகக் கணிப்பொறி அறியாதிருக்கலாம். ஆகவே பிரதி ஒன்றில் எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றி, பிடிஎஃப் கோப்பாகத் தர வேண்டும்.

• திரையில் பளிச்சிடும் பச்சை, காகிதத்தில் சற்று மங்கும். எனவே மாதிரித் தாள் ஒன்றை அச்சிட்டு, பையில் ஒட்டிப் பார்த்த பின்பே மொத்தமாக அச்சிடச் சொல்ல வேண்டும்.

• எழுத்து மாற்றப்படாத மூலக்கோப்பைக் கணிப்பொறியிலும் பென் டிரைவிலும் தனித்தனியே பத்திரப்படுத்த வேண்டும். அக்கோப்பு கையில் இருந்தால், அடுத்த பருவத்தில் எந்த அச்சகத்திலும் விலை விசாரித்து அச்சிட்டுக்கொள்ளலாம்.