விற்கப்பட்டார் 99!

குட்டீஸ்... ஒரு விளையாட்டு வீரரை வேறு அணிக்கு விற்றுவிட்டார்கள் என்பதற்காக, அரசாங்கமே தலையிட்டு அதைத் தடுக்க வேண்டும் என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் கேட்டார் என்றால் நம்புவீர்களா? கனடா நாட்டில், 1988ஆம் ஆண்டு அப்படி நடந்தது. அந்த வீரரின் பெயர் வேய்ன் கிரெட்ஸ்கி.

அவர் ஆடியது ஐஸ் ஹாக்கி. நாம் பார்க்கும் ஹாக்கி போல இதில் புல்தரையும் கிடையாது, பந்தும் கிடையாது. உறைந்த பனித்தளத்தில், அடியில் கத்தி போன்ற தகடு பொருத்திய காலணியோடு சறுக்கிக்கொண்டே, 'பக்' என்னும் தட்டையான ரப்பர் வில்லையை மட்டையால் வலைக்குள் அடிக்க வேண்டும். கனடாவில் குளிர்காலம் வந்தால் குளம் குட்டையெல்லாம் உறைந்துவிடும். அப்புறம் என்ன, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான்! கிரெட்ஸ்கியின் அப்பா, கொல்லைப்புறத்தில் தண்ணீர் பாய்ச்சி உறைய வைத்து, மகனுக்கு வீட்டிலேயே ஆடுதளம் அமைத்துக் கொடுத்தார்.

சிறுவன் கிரெட்ஸ்கிக்கு மிகவும் பிடித்த வீரர் கோர்டி ஹோவ். அவருடைய சட்டை எண் 9. தனக்கும் அதே எண் வேண்டும் என்று கிரெட்ஸ்கிக்கு ஆசை. ஆனால், இளைஞர் அணியில் வேறொருவர் அதை வைத்திருந்ததால், இரண்டு ஒன்பதைச் சேர்த்து 99 என்று போட்டுக்கொண்டார். அந்த எண் பிறகு உலகப் புகழ் பெற்றது.

17 வயதில் எட்மன்டன் நகரத்து 'ஆயிலர்ஸ்' அணிக்கு வந்தார் கிரெட்ஸ்கி. 1984, 1985, 1987, 1988 என்று நான்கு முறை ஸ்டான்லி கோப்பை அந்த அணிக்குக் கிடைத்தது. ஐஸ் ஹாக்கியில் அதைவிடப் பெரிய கோப்பை இல்லை. 1988 ஜூலை 16ல் எட்மன்டனில் அவருக்குத் திருமணம் நடந்தபோது, மணமக்களைப் பார்க்கத் தெருவில் கூட்டம் அலைமோதியது.

திருமணம் முடிந்து 24 நாள்தான் ஆகியிருந்தது. ஆகஸ்ட் 9ஆம் தேதி, கிரெட்ஸ்கி விற்கப்பட்டார் என்ற செய்தி இடி போல வந்து இறங்கியது!

வாங்கியது அமெரிக்காவின் 'லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ்' அணி. ஆயிலர்ஸுக்குக் கிடைத்தது ஒன்றரைக் கோடி டாலர், இரண்டு இளம் வீரர்கள், பின்னாளில் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று முறை கிங்ஸின் முதல் வாய்ப்பு. கிரெட்ஸ்கியோடு இன்னும் இரண்டு வீரர்களும் போனார்கள். ஆயிலர்ஸ் உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டனுக்குப் பணம் தேவைப்பட்டது; அதுதான் காரணம். பத்திரிகையாளர்கள் முன்னால் அழக்கூடாது என்று நண்பர் மார்க் மெஸ்ஸியருக்கு வாக்குக் கொடுத்திருந்தார் கிரெட்ஸ்கி. முடியவில்லை, அழுதுவிட்டார்.

ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். பாக்லிங்டனின் கொடும்பாவியை எரித்தார்கள். சிலர், 'எல்லாம் புது மனைவியால் வந்த வினை' என்று அமெரிக்க நடிகையான மணப்பெண்ணைத் திட்டினார்கள். விற்றது ஒருவர், வாங்கியது இன்னொருவர்; நடுவில் அவர் என்ன செய்வார், பாவம்!

வந்த இளம் வீரர்களில் ஒருவரான ஜிம்மி கார்சனின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அப்போது அவருக்கு 20 வயது. அந்தப் பருவத்தில் 49 கோல் அடித்தார். மற்ற ஊராக இருந்தால் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பார்கள். ஆனால் இங்கே அவர், 'கிரெட்ஸ்கிக்குப் பதிலாக வந்தவர்'. எத்தனை கோல் அடித்தாலும் அந்தப் பெயர் போகுமா? தன்னை வேறு அணிக்கு மாற்றிவிடும்படி அவரே கேட்டுக்கொண்டு, 1989 நவம்பரில் டெட்ராய்ட் அணிக்குப் போய்விட்டார்.

சரி, கிரெட்ஸ்கி எதிரணிச் சட்டையில் எட்மன்டனுக்கு வந்தபோது ரசிகர்கள் என்ன செய்தார்கள்? 1988 அக்டோபர் 19 அன்று அவர் தளத்தில் இறங்கியதும், எழுந்து நின்று கை தட்டினார்கள். அன்று ஆயிலர்ஸ் 8-6 என்று ஜெயித்தது. அதனால் கை தட்டுவதில் கஷ்டம் ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால், 1989 ஏப்ரலில் கோப்பைக்கான முதல் சுற்றில் ஆயிலர்ஸை வெளியேற்றியதே கிரெட்ஸ்கியின் கிங்ஸ்தான்! அதன் பிறகும், அதே ஆகஸ்ட் மாதம், ஆயிலர்ஸ் அரங்கத்தின் வாசலில் கிரெட்ஸ்கிக்குச் சிலை வைத்தார்கள். தலைக்கு மேல் கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கும் சிலை.

அடுத்ததுதான் உண்மையான சோதனை. ஐஸ் ஹாக்கியில் கோல் அடித்தாலும், பிறர் கோல் அடிக்க உதவினாலும் வீரருக்கு ஒரு புள்ளி. கோர்டி ஹோவ் சேர்த்த 1,850 புள்ளிகள்தான் அதுவரை சாதனை. 1989 அக்டோபர் 15 அன்று, எட்மன்டனில், கிரெட்ஸ்கி அதைச் சமன் செய்துவிட்டார். ஆட்டம் முடிய 53 விநாடிதான் பாக்கி. ஆயிலர்ஸ் 4-3 என்று முன்னிலை. ரசிகர்கள் வெற்றியைக் கொண்டாடத் தயாராக இருந்தார்கள். அப்போது கிரெட்ஸ்கி ஒரு கோல் அடித்தார். 1,851! ஆயிலர்ஸின் கைக்கு எட்டிய வெற்றி பறிபோனது.

அரங்கமே எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு விழா நடத்தினார்கள். 'என் எண் 9 வேண்டும்' என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்ட சிறுவனை, கோர்டி ஹோவே வந்து வாழ்த்தினார். விழா முடிந்து ஆட்டம் தொடர்ந்தது. கூடுதல் நேரத்தில் இன்னொரு கோல் அடித்து, ஆயிலர்ஸைத் தோற்கடித்தே விட்டார் கிரெட்ஸ்கி. கை தட்டியதற்கு நல்ல பரிசுதான், போங்கள்!

அடுத்த ஆண்டு, 1990ல், ஆயிலர்ஸ் பழி தீர்த்துக்கொண்டது. இரண்டாவது சுற்றில் கிங்ஸை 4-0 என்று துடைத்தெடுத்து, கிரெட்ஸ்கி இல்லாமலேயே ஐந்தாவது முறையாகக் கோப்பையை வென்றது. அணித்தலைவர் மெஸ்ஸியர். கிரெட்ஸ்கிக்குப் பதிலாக வந்த இன்னொரு இளைஞர் மார்ட்டின் ஜெலினாவும், கார்சனைக் கொடுத்து வாங்கிய வீரர்களும் அந்த வெற்றிக்கு உதவினார்கள். எட்மன்டன் ரசிகர்கள் தங்கள் அணியைக் கொண்டாடியபோது, அரங்க வாசலில் கோப்பையை உயர்த்தியபடி சிலையாக நின்றவர் மட்டும் கிங்ஸ் வீரர்!