பெருமளவு மின்கலச் சேமிப்பின் வளப் பேண்தகுநிலை

பெருமளவு மின்கலச் சேமிப்பின் வளப் பேண்தகுநிலை என்பது, மின் வலையமைப்புடன் இணைக்கப்படும் பெரிய மின்கல நிலையங்களுக்குத் தேவையான கனிமம், ஆற்றல், நீர் ஆகியவற்றை நெடுங்காலம் பெற இயலுமா என்பதைக் குறிக்கும். சூரிய ஒளி, காற்று ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் மின்சாரம் எந்நேரமும் ஒரே அளவில் இருப்பதில்லை. மிகுதியைச் சேமித்துத் தேவைப்படும்போது வழங்க இந்நிலையங்கள் உதவுகின்றன. தெற்கு ஆஸ்திரேலியாவில் 2017 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய ஹார்ன்ஸ்டேல் நிலையம் இவ்வகையைச் சேர்ந்தது. அதன் தொடக்கக் கொள்ளளவு 129 மெகாவாட் மணி ஆகும்.

இருப்பும் அகழ்வு வேகமும்

நிலத்தில் கனிமம் எவ்வளவு உள்ளது என்பதும் ஆண்டுதோறும் எவ்வளவு எடுக்கப்படுகிறது என்பதும் தனித்தனியே நோக்கப்பட வேண்டியவை. 2024 ஆம் ஆண்டில் உலக மின்னுற்பத்தி ஏறத்தாழ 30,000 டெராவாட் மணி ஆகும். எனவே ஒரு நாள் உற்பத்தி ஏறத்தாழ 80 டெராவாட் மணி ஆகும். ஒரு கிலோவாட் மணி சேமிக்கும் லித்தியம் அயனி மின்கலத்தில் சுமார் 100 கிராம் லித்தியம் உண்டு. இதன்படி ஒரு நாள் மின்சாரத்தைச் சேமிக்க 80 லட்சம் டன் லித்தியம் தேவை. பொருளாதார நோக்கில் எடுக்கத்தக்க உலக இருப்பு சுமார் 3 கோடி டன் என மதிப்பிடப்படுகிறது. ஆனால் 2024 இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது சுமார் 2.4 லட்சம் டன் மட்டுமே. அவ்வேகத்தில் இத்தேவையை நிறைவு செய்ய 30 ஆண்டுகளுக்கு மேலாகும். மின்னூர்திகளுக்கும் இதே லித்தியமே தேவை.

ஈய-அமில மின்கலத்தில் ஒரு கிலோவாட் மணிக்குச் சுமார் 20 கிலோகிராம் ஈயம் தேவைப்படும். இதே கணக்கின்படி 160 கோடி டன் ஈயம் வேண்டும். உலக ஈய இருப்போ 10 கோடி டன் அளவிலேயே உள்ளது.

ஆற்றல் ஈடு

மின்கலத்தை உருவாக்கவும் ஆற்றல் செலவாகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் பார்ன்ஹார்ட், சாலி பென்சன் ஆகியோர் 2013 இல் வெளியிட்ட ஆய்வு, வாழ்நாளில் சேமிக்கப்படும் ஆற்றலை உருவாக்கச் செலவான ஆற்றலுடன் ஒப்பிட்டது. அவ்விகிதம் ஈய-அமில மின்கலத்துக்கு 2, லித்தியம் அயனி மின்கலத்துக்கு 10, நீரேற்றுச் சேமிப்புக்கு 210 எனக் கணிக்கப்பட்டது. அணையை மிகப் பல முறை பயன்படுத்த முடிவதே இவ்வேறுபாட்டின் முதன்மைக் காரணம். ஆகவே மின்னேற்றச் சுழற்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும் வளத்தைச் சேமிக்கும் வழியாகும்.

சூழலும் மக்களும்

சிலியின் அட்டகாமா உப்புப் படுகையில், நிலத்தடி உவர்நீரைக் குளங்களில் ஆவியாக்கி லித்தியம் எடுக்கப்படுகிறது. மழை மிக அரிதான அப்பகுதியின் நீர்வளம் குறித்துப் பழங்குடி மக்கள் கவலை தெரிவித்துள்ளனர். உலகக் கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோ மக்களாட்சிக் குடியரசில் கிடைக்கிறது. அங்குள்ள சிறு சுரங்கங்களில் சிறுவர்கள் வேலை செய்வது பதிவாகியுள்ளது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டு மின்கலங்களுக்குக் கோபால்ட்டும் நிக்கலும் தேவையில்லை. சோடியம் அயனி மின்கலங்கள் லித்தியத்தையும் தவிர்க்கின்றன.

மீள்சுழற்சி

பயன்பாடு முடிந்த மின்கலங்களிலிருந்து கனிமங்களை மீட்பது புதிய அகழ்வைக் குறைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஆம் ஆண்டு மின்கல ஒழுங்குவிதி, மீள்சுழற்சிக்கு வரும் மின்கலங்களிலுள்ள லித்தியத்தில் 2027 இறுதிக்குள் 50 விழுக்காடும், 2031 இறுதிக்குள் 80 விழுக்காடும் மீட்கப்பட வேண்டும் என வரையறுத்துள்ளது. எனினும் சேமிப்பு நிலையங்கள் விரைந்து பெருகும் காலத்தில், பழைய மின்கலங்களிலிருந்து மீளும் அளவு புதிய தேவையை விடக் குறைவாகவே இருக்கும்.