பழைய வீட்டில் பழைய வயர்

மீள்குடியேறிய குடும்பம் ஒன்றின் வளவில் நடந்தது இது. தகப்பனார் காலத்துக் கல்வீடு. பல வருடம் கூரையின்றி நின்ற சுவர்களுக்கு மேல் வளை ஏற்றி, ஓடு போட்டு, கதவு நிலை வைத்து, வெள்ளையும் அடித்தாயிற்று. மின் இணைப்புப் பெறுவதற்காக முன்னறை இரண்டுக்கும் மட்டும் புதிதாக வயரிங் செய்தார்கள். கைக்காசு அவ்வளவுக்குத்தான் போதுமானதாக இருந்தது. இணைப்பு வந்து சில மாதம் கழிந்ததும், சுவரில் ஏற்கெனவே கிடந்த பழைய வயரைக் குசினிக்கும் கிணற்றடிக்கும் தொடுத்துவிட்டார்கள். அன்று தொடக்கம் ட்றிப் சுவிச் ஓயாமல் விழுந்தது. "சுவிச் பழுது" என்று யாரோ சொல்ல, அதைக் கழற்றி வயரை நேரே முடிந்துவிட்டார்கள். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், மோட்டருக்குப் பக்கத்து ஈரத்தில் நின்று தண்ணீர் குடித்த பசு அந்த இடத்திலேயே விழுந்தது. அதே இடத்தில்தான் பிள்ளைகள் பின்னேரத்தில் குளிப்பார்கள்.

அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல நாம் வரவில்லை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து புறப்பட்டவர்கள், 2009 இன் பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டபோதுதான் தம் வளவைக் கண்டார்கள். இடைப்பட்ட காலத்தில் குடாநாட்டில் மின்சாரமே இல்லாதிருந்த வருடங்கள் உண்டு. ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டு வளர்ந்த தலைமுறை இன்று வீட்டுத் தலைவராக இருக்கிறது. சுவருக்குள் இருப்பது என்ன என்று அவர்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. ஆகவே அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

சுவரில் இருப்பது எந்தக் காலத்து வயர்?

ஐம்பதுகளிலும் அதற்கு முன்னரும் வயரிங் செய்த வீடுகளில் றப்பர் உறை போட்ட வயரே பெரும்பாலும் இருக்கும். றப்பருக்கு மேல் நூலால் பின்னிய ஓர் உறை, சில வீடுகளில் ஈயத் தகட்டு உறை. மரச் சட்டத்தில் தகரக் கிளிப் அடித்து அல்லது மூடியுள்ள மரக் காலுக்குள் அதை இழுத்திருப்பார்கள். நுனியைச் சுரண்டினால் கம்பி வெள்ளையாக மினுங்கும். அலுமினியம் என்று எண்ணிவிட வேண்டாம். செம்புதான். றப்பரில் சேர்க்கும் கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் வெள்ளீயம் பூசியிருக்கிறார்கள். பின்னர் வந்தவை பிளாஸ்ரிக் எனப்படும் பி.வி.சி. உறை வயர்கள்.

றப்பர் உறைக்கு ஆயுள் குறைவு. இருபத்தைந்து, முப்பது வருடத்தில் காய்ந்து வெடிக்கத் தொடங்கிவிடும். அசையாமல் கிடக்கும்வரை ஒன்றும் தெரியாது. புதிய ஹோல்டர் பூட்டுவதற்காகச் சற்று வளைத்தாலே பொடியாகக் கொட்டும். அப்படிக் கொட்டினால் அந்த வயரில் திருத்த ஒன்றுமில்லை. நுனிக்கு ரேப் சுற்றினாலும் உள்ளே போகும் மிச்ச நீளமும் அதே நிலையில்தான் இருக்கிறது. பி.வி.சி. வயர் கூடிய காலம் தாங்கும் என்பது உண்மை. ஆனால் நமது வீடுகள் சாதாரணமாக வயதுபோனவை அல்லவே. கூரையில்லாத சுவரில் எத்தனையோ மாரி மழை இறங்கியிருக்கிறது. மரச் சட்டத்தைக் கறையான் தின்றிருக்கிறது, உறையை எலி கடித்திருக்கிறது, கடற்கரைப் பக்கத்தில் உப்புக் காற்று முனைகளைப் பச்சை பிடிக்க வைத்திருக்கிறது. செம்புக்காக வயரைப் பிடுங்கிச் சென்றவர்களும் உண்டு. கைக்கு எட்டியதை இழுத்து அறுத்ததால் வெட்டுண்ட நுனிகள் சுவருக்குள்ளே மறைந்து கிடக்கும். மேலே சாந்து பூசி வெள்ளை அடித்தபின் அவை எங்கே என்று எவருக்கும் தெரியாது.

எனவே, நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்த வீட்டின் பழைய வயரிங்கில் எதையும் மீளப் பாவிக்காதீர்கள் என்பதே எமது கருத்து. நல்லதைப் பொறுக்கி எடுக்கலாம் என்பவர்கள், தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு 500 வோல்ட் மெகர் கருவியால் சோதித்துப் பார்க்கட்டும். வயருக்கும் எர்த்துக்கும் இடையில் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். பழைய வயர் அதைக் காட்டாது என்றே நினைக்கிறோம்.

பியூஸ் இருந்ததே, ஏன் காப்பாற்றவில்லை?

பசு செத்த வீட்டிலும் பீங்கான் பியூஸ் இருந்தது. அது எரியவில்லை. இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

பியூஸ் போடுவது வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் இருக்கவே. மனிதரைக் காப்பது அதன் வேலை அல்ல. 15 அம்பியர் பியூஸ் எரிய 15 அம்பியருக்கு நன்றாகவே மேற்பட்ட ஓட்டம் வேண்டும். மனித நெஞ்சின் துடிப்பைக் குலைக்கவோ ஓர் அம்பியரில் இருபதில் ஒரு பங்கு போதும். இனி எர்த் இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். எமது செம்மண் கோடையில் காய்ந்து கிடக்கும், அதன் கீழே சுண்ணக்கல். அங்கே அடித்த எர்த் கம்பியின் தடை 50 ஓம் என்று வைப்போம். மோட்டரின் உடம்பில் கரண்ட் பாய்ந்தால் 230 வோல்ட்டை 50 ஆல் பிரிக்க வருவது 4.6 அம்பியர். பியூசுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. மோட்டர் ஓடிக்கொண்டேயிருக்கும், அதன் உடம்பும் சுற்றியுள்ள ஈர நிலமும் கரண்ட் ஏறியபடியே இருக்கும்.

பியூஸ் கம்பி பற்றியும் ஒரு வார்த்தை. 5 அம்பியருக்கு 0.2 மில்லிமீற்றர் கம்பி, 15 அம்பியருக்கு 0.5 மில்லிமீற்றர் கம்பி. பியூஸ் போனதும் பழைய வயரில் ஓர் இழையை உருவி முடிந்துவிடுவது நம்மவர் வழக்கம். முன்னாளில் லைற்றுக்கு இழுத்த 'மூன்று இருபத்தொன்பது' வயரின் ஓர் இழை கிட்டத்தட்ட 0.74 மில்லிமீற்றர். அதாவது 5 அம்பியர் இருக்கவேண்டிய இடத்தில் 25 அம்பியர் பியூஸ். தீப்பிடிக்கும்வரை அது அசையாது.

மனிதரைக் காப்பது ட்றிப் சுவிச். பேஸ் வயரால் போகும் ஓட்டமும் நியூட்றல் வயரால் திரும்பும் ஓட்டமும் சமமா என்று அது எந்நேரமும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. 30 மில்லி அம்பியர் அளவு எங்காவது ஒழுகி நிலத்துக்குப் போனால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். மேலே சொன்ன 4.6 அம்பியர் அந்த அளவைப்போல் நூற்றைம்பது மடங்கு. எனவே ட்றிப் சுவிச் அடிக்கடி விழுகிறதென்றால் அநேகமாக அது தன் வேலையைச் செய்கிறது. பழுது வேறெங்கோ இருக்கிறது, தேடிப் பிடிக்க வேண்டும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. ஒருவர் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்றலையும் பிடித்தால் அதற்குத் தெரியாது. அத்தோடு எர்த் வேண்டாம் என்பதும் இல்லை. எர்த் இருந்தால்தான் ஆள் தொடுமுன்னரே சுவிச் விழும்.

கிணற்றடிக்குப் போகும் வயர்

விவசாயி வீட்டில் மிகக் கூடிய ஆபத்து இங்கேதான். பூவரசங் கதியாலில் வயரைச் சுற்றி, வேலி ஓரமாக இழுத்து, நடுவில் இரண்டு மூன்று முறுக்கு மூட்டும் போட்டுக் கொண்டுபோகிறார்கள். அதோடு இன்னொரு நட்டமும் இருக்கிறது. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஏறத்தாழ 6 அம்பியர் இழுக்கும். கிணறு 100 மீற்றர் தூரத்தில் இருந்து, லைற்றுக்குப் போடும் 1 சதுர மில்லிமீற்றர் வயரை அதற்கு இழுத்தால் வழியிலேயே 25 வோல்ட்டுக்குக் கிட்டக் குறைந்துவிடும். தொடங்கும் வேளையில் மோட்டர் இதைப்போல் ஐந்தாறு மடங்கு கேட்கும். அது கிடைக்காமல் இரைந்துகொண்டு நிற்கும், சுற்று எரியும். 2.5 சதுர மில்லிமீற்றர், அதாவது கடையில் 7/0.67 என்று கேட்கும் வயர் என்றால் குறைவு 10 வோல்ட் அளவில் நிற்கும். இன்னும் தூரமானால் 4 சதுர மில்லிமீற்றர் வேண்டும். வயரில் மிச்சம் பிடித்த காசை மோட்டர் சுற்றுபவருக்குக் கொடுக்கிறோம்.

மோட்டருக்குத் தனி லைன் இருக்கட்டும். மெயின் பெட்டியிலிருந்து தனி பிறேக்கர், அங்கிருந்து நிலத்தடிக் குழாய்க்குள் அல்லது வெளிப்பாவனைக்குரிய கேபிளில் மூன்று வயர். மூன்றாவது வயர் மோட்டரின் உடம்பில் பூட்டும் எர்த். அதை விட்டுவிட்டு இரண்டு வயரோடு போவதே பெரும்பாலான சாவுகளுக்கு வழி. கிணற்றடியில் சுவிச்சை மழை படாத உயரத்தில் பூட்டுங்கள். மோட்டரைத் தூக்குவதற்கு முன் மெயினை நிறுத்துங்கள்.

காசு போதாவிட்டால்

முழு வீட்டையும் ஒரே தடவையில் செய்ய எல்லோராலும் இயலாது. அப்படியானால் பழைய வயரிங்கை மெயினிலிருந்து முற்றாகக் கழற்றி, நுனிகளைச் சுவரோடு வெட்டிவிட்டு, தேவையானதை மட்டும் புதிதாகச் செய்யுங்கள். எமது வரிசை இதுதான்: முதலில் எர்த்தும் ட்றிப் சுவிச்சும், அடுத்து மோட்டர் லைன், பிறகு குசினி, கடைசியில் மற்ற அறைகள். அறை இருட்டாகக் கிடந்தாலும் சமாளிக்கலாம். பழையதைப் புதியதோடு தொடுப்பதுதான் கூடாது. அந்தப் பசுவின் கதை அங்கேதான் தொடங்கியது.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய கல்வீட்டுச் சுவரை வெட்டி வயரை உள்ளே புதைக்க வேண்டியதில்லை. வெட்டினால் சாந்து சரியும், செலவும் கூடும். பி.வி.சி. காலுக்குள் சுவருக்கு மேலால் இழுத்தால் பார்வைக்குச் சற்றுக் குறைவு, ஆனால் பிற்காலத்தில் பழுது பார்க்க மிக இலகு. லைற்றுக்கு 1 சதுர மில்லிமீற்றர், பிளக்குகளுக்கு 2.5. பழைய உருண்டை முனைப் பிளக்குகளைத் திரும்பப் பூட்டாமல் 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கே போடுங்கள், அதுவே நாட்டின் நியமம். நிறம் கவனம்: பழைய வயரிங்கில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்றல், பச்சை எர்த். இப்போது முறையே கபிலம், நீலம், பச்சையும் மஞ்சளும் கலந்தது. எர்த் நிற வயரை வேறு எதற்கும் பாவிக்கக் கூடாது. சுவிச் பேஸ் வயரில்தான் வரவேண்டும் என்பதையும் வயரிங்காரரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். நியூட்றலில் போட்டால் லைற் அணையும், ஹோல்டரில் கரண்ட் இருந்துகொண்டேயிருக்கும்.

இதைத் தகுதிச் சான்று உள்ள ஒருவரே செய்ய வேண்டும். மின்மானிக்கு முன்னால் உள்ள வயரும் முத்திரையும் மின்சாரக் கந்தோருக்கு உரியவை, அதில் கை வைக்காதீர்கள். வேலை முடிந்ததும் எர்த் தடை எவ்வளவு, மெகர் எவ்வளவு காட்டியது என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். ட்றிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும்.

முதலில் சொன்ன குடும்பம் அடுத்த போகத்துக் காசில் மோட்டர் லைனைத் தனியாகப் போட்டது. குசினிக்கு இன்னும் புதிய வயர் போகவில்லை. முன்னறைப் பிளக்கில்தான் தேங்காய்ச் சம்பல் அரைக்கிறார்கள். புதிய ட்றிப் சுவிச் மாரியில் இருமுறை விழுந்தது. இம்முறை அவர்கள் அதைக் கழற்றவில்லை. வயரிங்காரரைக் கூப்பிட்டுத் தேடினார்கள். கிணற்றடிச் சுவிச் பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தது.