இதழியல் கல்விக்கு என்ன விலை தரலாம்?

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியானதும், பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் வழிகாட்ட ஆயிரம் பேர் முன்வருகிறார்கள். தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு, குழு நிர்ணயித்த கட்டணம் என்று அந்தப் படிப்புகளுக்கு ஓர் ஒழுங்கும் இருக்கிறது. செய்தியாளராகவோ ஊடகத் துறையில் வேறு பணிக்கோ செல்ல விரும்பும் மாணவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. விளம்பரப் பலகையையும் கல்லூரிக் கட்டடத்தையும் தெரிந்தவர் சொல்லையும் நம்பியே அவருடைய பெற்றோர் முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவுக்காக நகையை அடகு வைக்கும் குடும்பங்களும் உண்டு.

நான் பொருளாதாரப் பேராசிரியராகப் பணியாற்றிய காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைப் பருவத்தில் ஒரு கேள்வியை எதிர்கொண்டிருக்கிறேன்: 'பையன் விஸ்காம்தான் வேண்டும் என்கிறான்; இவ்வளவு கட்டணம் கேட்கிறார்களே, கொடுக்கலாமா?' ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பைப் பற்றிய கேள்வி அது. அதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

முதலில் ஓர் அடிப்படை உண்மை. வழக்குரைஞராக வேண்டுமெனில் சட்டப் பட்டம் பெற்று பார் கவுன்சிலில் பதிவு செய்தாக வேண்டும். மருத்துவருக்கும் அப்படியே. செய்தியாளர் ஆவதற்கு அத்தகைய பதிவோ உரிமமோ நம் நாட்டில் இல்லை. இந்தியப் பத்திரிகை கவுன்சில் யாருக்கும் தொழில் உரிமம் வழங்குவதில்லை. தமிழ், வரலாறு, அறிவியல், வணிகவியல் என எதைப் படித்தவரும் நாளிதழ் அலுவலகத்தில் நுழையலாம். நுழைந்து சிறந்தவர்கள் பலர்.

இதன் பொருளாதார விளைவைப் பெற்றோர் உணர வேண்டும். உரிமம் தேவைப்படும் தொழிலில் பட்டத்துக்கென்றே ஒரு விலை உண்டு. சுமாரான கல்லூரியில் பெற்ற சட்டப் பட்டமும் நீதிமன்றக் கதவைத் திறக்கும். இதழியல் பட்டம் எந்தக் கதவையும் தானாகத் திறப்பதில்லை. மாணவரின் எழுத்துத் திறனும், படிக்கும்போதே அவர் உருவாக்கிய செய்திகளும் படங்களும்தாம் அவரை வேலையில் அமர்த்துகின்றன. ஆகவே, கட்டணத்தை எடைபோடும்போது பட்டச் சான்றிதழை ஒருபுறம் வைத்துவிட்டு, இந்தக் கல்லூரியில் என் மகனுக்கு அல்லது மகளுக்கு எவ்வளவு பயிற்சி கிடைக்கும் என்றுதான் கேட்க வேண்டும்.

பெயர்களால் வரும் குழப்பம்

காட்சித் தொடர்பியல், இதழியல், மக்கள் தொடர்பியல், மின்னணு ஊடகம் என்று பல பெயர்களில் பட்டங்கள் வழங்கப்படுகின்றன. அவை ஒன்றல்ல. விஸ்காம் என்று அழைக்கப்படும் காட்சித் தொடர்பியலில் ஒளிப்படம், வரைகலை, விளம்பரம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு ஆகியவை முதன்மை பெறும். செய்தி சேகரித்தல், செம்மையாக்கம், ஊடகச் சட்டம் ஆகியவை இதழியல் பட்டத்தில்தான் விரிவாகக் கற்பிக்கப்படும். நாளிதழில் சேர விரும்பி விஸ்காமில் சேர்ந்தவர்களையும், திரைப்பட ஆசையில் இதழியலில் சேர்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பட்டத்தின் பெயரைப் பாராமல், ஆறு பருவங்களின் பாடத்திட்டத்தையும் வாங்கிப் படிப்பது செலவில்லாத முதல் வேலை.

மொழி மற்றொரு குழப்பம். பல கல்லூரிகளில் இப்படிப்புகள் ஆங்கில வழியிலேயே நடக்கின்றன. தமிழ் நாளிதழிலோ தமிழ்த் தொலைக்காட்சியிலோ பணியாற்ற விரும்பும் மாணவர் மூன்றாண்டுகள் தமிழில் ஒரு செய்திகூட எழுதாமல் வெளியே வர இயலும். தமிழில் எழுதுவதற்கும் செம்மைப்படுத்துவதற்கும் எத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்டறிய வேண்டும்.

கட்டணத்தில் அடங்குவது எது?

நம் கலை அறிவியல் கல்லூரிகள் அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி என மூவகைப்படும். பெற்றோர் பெரும்பாலும் அறியாத செய்தி ஒன்று உண்டு. அரசு உதவி பெறும் கல்லூரிக்குள்ளேயே உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று இரண்டு இருக்கும். வரலாறு, பொருளாதாரம், தமிழ் போன்ற பழைய பாடங்கள் முதல் பிரிவில் இருக்கும். அவற்றின் ஆசிரியர்களுக்கு அரசு ஊதியம் வழங்குவதால் கட்டணம் குறைவு. பிற்காலத்தில் வந்த ஊடகப் படிப்புகள் பெரும்பாலும் இரண்டாம் பிரிவில்தான் இருக்கின்றன. 'பழைமையான, உதவி பெறும் கல்லூரி. கட்டணம் குறைவாகத்தான் இருக்கும்' என்ற எண்ணத்துடன் வருபவர்கள் அலுவலகச் சாளரத்தில் திகைத்து நிற்பது இதனால்தான்.

அறிவிக்கப்பட்ட கட்டணமும் முழுச் செலவு ஆகாது. தேர்வுக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், விடுதி, கேமரா, மடிக்கணினி, இறுதியாண்டுக் குறும்படத்துக்கான செலவு, களப்பயணம் எல்லாவற்றையும் சேர்த்து மூன்றாண்டுக்கு ஒரே தொகையாக எழுதிப் பார்க்க வேண்டும். ஊதியமின்றிப் பயிற்சி பெறும் மாதங்களில் சென்னையில் தங்குவதற்கான செலவையும் அதில் சேர்ப்பது நல்லது. இரண்டு கல்லூரிகளை ஒப்பிடும்போது இந்த மொத்தத் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும்.

விலை தரத்தின் அடையாளமா?

'இவ்வளவு வாங்குகிறார்கள் என்றால் நன்றாகத்தான் சொல்லிக் கொடுப்பார்கள்' என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல் இருக்கும் சந்தை எவ்வாறு பழுதுபடும் என்பதைப் பழைய கார்களின் விற்பனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அக்கர்லாஃப். பின்னர் 2001-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர். கல்விச் சந்தையில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. காரை வாங்கிய மறுவாரமே குறை தெரிந்துவிடும். படிப்பின் குறை தெரியவர மூன்றாண்டுகள் ஆகும். அதற்குள் பணமும் காலமும் போயிருக்கும்.

தரச் சான்றுகளும் இங்கே முழுமையாகத் துணை நிற்பதில்லை. 'நாக்' வழங்கும் தரநிலை கல்லூரி முழுவதற்குமானது. ஊடகத் துறையை மட்டும் அது தனியே மதிப்பிட்டுக் கூறுவதில்லை. மத்திய அரசின் தேசியத் தரவரிசையில் சட்டம், மருத்துவம், கட்டடக் கலை ஆகியவற்றுக்குத் தனிப் பட்டியல்கள் உண்டு; இதழியலுக்கு இல்லை. வேதியியலிலும் கணிதத்திலும் புகழ்பெற்ற கல்லூரி ஊடகத் துறையை இரண்டே ஆசிரியர்களைக் கொண்டு நடத்திக்கொண்டிருக்கலாம்.

எனவே, நேரில் சென்றுதான் பார்க்க வேண்டும். வேலை நாளில் செல்லுங்கள். துறையில் எத்தனை முழுநேர ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் செய்தி நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் என்று கேளுங்கள். மாணவர்கள் நடத்தும் பயிற்சி இதழின் கடந்த ஆண்டுப் பிரதிகளைக் காட்டச் சொல்லுங்கள். அவை இல்லையென்றால் அதுவே ஒரு விடை. இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடம், 'கடந்த பருவத்தில் எத்தனை செய்திகள் எழுதினீர்கள், அவற்றில் எத்தனை திருத்தப்பட்டுத் திரும்பி வந்தன?' என்று கேளுங்கள். எழுத்துத் தொழில் திருத்தங்களின் வழியாகவே கைவருகிறது. மாணவர் எழுதியதை வரிவரியாகப் படித்துத் திருத்தும் ஆசிரியருக்காகக் கட்டணம் செலுத்துவதில் பொருள் உண்டு.

குளிரூட்டப்பட்ட ஒளிப்பதிவுக் கூடம் ஒரு கவர்ச்சி. ஆனால், கருவிகள் விரைவில் பழமையாகிவிடும். இன்று பல செய்திகள் கைப்பேசியிலேயே படமாக்கப்படுகின்றன. கூடத்தைக் காட்டும்போது, முதலாண்டு மாணவருக்கு அதில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று கேட்க வேண்டும். பூட்டிய கூடத்தைவிட நாள்தோறும் ஒலிபரப்பாகும் ஒரு சமுதாய வானொலி பயனுள்ளது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-இல் தொடங்கப்பட்ட வானொலியே இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. குறைந்த செலவில் மிகுந்த பயிற்சி தரும் ஆய்வகம் இது.

கடன் வாங்கும் முன்

ஒரு சிறு கணக்கு. ரூ.5 லட்சம் கல்விக் கடன், 10 சதவீத வட்டி, ஏழாண்டுகளில் திருப்பிச் செலுத்துவது என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ ரூ.8,300. மொத்தம் செலுத்துவது கிட்டத்தட்ட ரூ.7 லட்சம். படிக்கும் காலத்து வட்டியும் சேர்ந்தால் தொகை மேலும் கூடும். தொடக்க ஊதியம் ரூ.18,000 என்று வைத்துக்கொண்டால் அதில் ஏறக்குறைய பாதி தவணைக்கே போய்விடும். வாடகை கொடுத்துப் பெருநகரில் வாழும் இளைஞர் மீதியைக் கொண்டு காலம் தள்ள இயலாது; ஓரிரு ஆண்டுகளில் வேறு வேலை தேடிப் போய்விடுவார். படித்த தொழிலில் நிலைக்க முடியாத அளவுக்குக் கடன் வாங்கினால் அந்தப் படிப்பே வீணாகிவிடும்.

இந்தக் கணக்கின் அடிப்படையில் நான் பரிந்துரைக்கும் வழி ஒன்று உண்டு. இளநிலையில் பொருளாதாரம், வரலாறு, அரசியல் அறிவியல், தமிழ் போன்ற ஒரு பாடத்தை அரசுக் கல்லூரியிலோ உதவி பெறும் பிரிவிலோ குறைந்த செலவில் ஆழமாகப் படிக்கலாம். அந்த மூன்றாண்டுகளில் எழுதிப் பழகலாம். அதன்பின் இதழியலை முதுநிலையில் படிக்கலாம். நிதிநிலை அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளும் செய்தியாளருக்கு எந்த ஆசிரியர் குழுவிலும் மதிப்புண்டு. பதினெட்டு வயதில் எழும் ஊடக ஆசை இருபத்தொரு வயதிலும் நீடிக்கிறதா என்று பார்க்கவும் இவ்வழி இடம் தருகிறது.

முதுநிலைக்கு அரசுப் பல்கலைக்கழகங்களே போதிய வாய்ப்பு அளிக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகம், மதுரை காமராசர், பாரதியார், பெரியார், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகங்களில் இதழியல் அல்லது தொடர்பியல் துறைகள் உள்ளன. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் மத்திய அரசின் பொது நுழைவுத் தேர்வு வழியாகச் சேரலாம். சேலத்திலோ திருநெல்வேலியிலோ தங்கிப் படிக்கும் செலவு சென்னையைவிடக் குறைவு. சென்னையில் தமிழ்நாடு அரசு 2025-இல் தொடங்கிய சென்னை இதழியல் நிறுவனம் ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பை வழங்குகிறது. புது தில்லியில் 1965 முதல் இயங்கும் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் மத்திய அரசுக்குரியது.

பட்டயத்துக்கும் பட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. செய்தி அறையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பிற்காலத்தில் கல்லூரி ஆசிரியராக விரும்பினால் 'நெட்' தேர்வுக்கு முதுநிலைப் பட்டம் தேவை, பட்டயம் போதாது.

ஒளிப்பதிவு, படத்தொகுப்பு போன்ற கைத்தொழில் நுட்பங்களை விரும்பும் மாணவருக்கு என் பரிந்துரை பொருந்தாது. அவருக்குக் கருவிகளோடு நீண்ட பழக்கம் தேவை. அவர் தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தை முதலில் முயலலாம். இடங்கள் குறைவு, போட்டி அதிகம்.

உதவிகளையும் கேட்டுப் பெற வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்து இளநிலையில் சேரும் மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தோருக்கும் இது உண்டு. ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்கு உள்பட்ட பட்டியலினக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது. நன்கொடை வசூலிப்பதை 1992-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தடை செய்கிறது. எந்தத் தொகைக்கும் ரசீது கேட்பது பெற்றோரின் உரிமை.

அரசு செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஒவ்வொரு கல்லூரியும் துறைவாரியாக மொத்தக் கட்டணம், முழுநேர ஆசிரியர் எண்ணிக்கை, படித்து முடித்தோர் சென்ற பணிகள் ஆகியவற்றைச் சேர்க்கைக்கு முன்பே வெளியிட வேண்டும் என்று ஆணையிட்டால், இந்தச் சந்தையின் இருள் பெருமளவு விலகும். அதற்கு அரசுக்குப் பெரிய செலவும் இல்லை.

இது குடும்பங்களின் செலவோடு முடியும் செய்தியன்று. இதழியல் கல்வியின் விலை ஏற ஏற, வசதி படைத்த நகரத்துக் குடும்பங்களின் பிள்ளைகளே செய்தி அறைகளில் அமர்வார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வராததையும், நியாயவிலைக் கடையில் எடை குறைவதையும் அனுபவத்தில் அறிந்தவர்கள் வெளியே நிற்பார்கள். நாளை எந்தச் செய்தி எழுதப்படும் என்பதை இன்றைய கல்லூரிக் கட்டணமும் ஓரளவு தீர்மானிக்கிறது. ஆகவே, எழுத ஆர்வமுள்ள ஏழைப் பிள்ளையிடம் 'நமக்குக் கட்டுப்படியாகாது' என்று சொல்லிவிட வேண்டாம். கட்டுப்படியாகும் வழிகள் இருக்கின்றன. அவற்றைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.