ஆபீஸில் பறக்கும் இணையதளம், வைத்திக்குப்பம் கரையில் ஏன் நொண்டுகிறது?

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். மயிலம் முருகன் உட்பட பல ஊர் சுவாமிகள் தீர்த்தவாரிக்காகக் கரையில் வரிசையாக எழுந்தருளியிருப்பார்கள். மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம். எல்லோர் கையிலும் போன். ஒருவர் வீட்டுக்கு வீடியோ அனுப்புகிறார், இன்னொருவர் கூட்டத்தில் தவறிய பாட்டியைத் தேடி அழைக்கிறார், வேறொருவர் ஊர் திரும்ப பஸ் இருக்கிறதா என்று பார்க்கிறார். திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடமே வழி கேட்டுக்கொள்கிறார்.

அதே நிமிடத்தில், அந்த இணையதளத்தை நடத்துகிறவர்களின் ஆபீஸில், ஃபைபர் இணைப்பு உள்ள புத்தம்புது லேப்டாப்பில் அதே பக்கம் ஒரே நொடியில் திறக்கும். 'சைட் நல்லாத்தானே ஓடுது' என்பார்கள். அவர்கள் சொல்வது பொய் இல்லை. கரையில் நின்றவரின் எரிச்சலும் பொய் இல்லை. ஒரே செல்போன் டவரை ஆயிரக்கணக்கானோர் பங்குபோட்டுக்கொள்ளும் இடமும், ஆளுக்கொரு தனி இணைப்பு இருக்கும் இடமும் ஒன்றாக முடியாது. எஞ்சினைக் கரையில் நிறுத்தி ஓட்டிப் பார்ப்பது வேறு, படகில் மாட்டி அலையைத் தாண்டுவது வேறு என்பது இந்தக் குப்பத்தில் சின்னப் பையனுக்கும் தெரியும்.

இணையதளம் நடத்துகிறவர்கள் இதைப் புரிந்துகொண்டு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆபீஸில் சோதித்துப் பார்ப்பதோடு நிற்காமல், நிஜமாக வந்துபோகிற ஒவ்வொருவருக்கும் பக்கம் எத்தனை நொடியில் திறந்தது என்று அளப்பது. இதற்கு 'ரியல் யூசர் மானிட்டரிங்' என்று பெயர். சுருக்கமாக 'ரம்'. புதுச்சேரியில் இந்தப் பெயரைச் சொன்னால் வேறு ஞாபகம்தான் வரும். இது அது இல்லை!

பிரவுசரே கணக்குப்பிள்ளை

இதில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, உங்கள் போனில் இருக்கும் பிரவுசரே ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரம் குறித்துக்கொள்கிறது. முகவரியைத் தேட எவ்வளவு, சர்வருடன் தொடர்பு கிடைக்க எவ்வளவு, அங்கிருந்து முதல் பதில் வர எவ்வளவு, பக்கம் முழுதாக வந்துசேர எவ்வளவு என்று எல்லாம் மில்லிநொடிக் கணக்கில். இந்தக் குறிப்பை எல்லா பிரவுசர்களும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2012ல் சர்வதேசத் தரநிலையே வந்துவிட்டது. பக்கத்துக்குள் சில வரி ஜாவாஸ்கிரிப்டைச் சேர்த்துவிட்டால், அது இந்தக் குறிப்பை எடுத்து இணையதள நிர்வாகிக்கு அனுப்பிவிடும். கூடவே எந்த வகை போன், எந்த பிரவுசர், ஏறக்குறைய எந்த ஊர் என்ற விவரங்களும் போகும்.

இந்த வேலையைச் செய்து கொடுக்கும் உலக அளவிலான சேவைகளில் ஒன்று நம்ம ஊர்த் தயாரிப்பு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் 'சைட்24x7'. அது பயன்படுத்தும் ஒரு மதிப்பெண் முறை சுவாரஸ்யமானது. 'ஏப்டெக்ஸ்' என்று பெயர். நிர்வாகி ஒரு கெடு வைக்கிறார், 2 நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் பக்கம் திறந்தவர் 'திருப்தி' கணக்கில் சேருவார். அதைப் போல் நான்கு மடங்கு, அதாவது 8 நொடி வரை காத்திருந்தவர் 'பொறுத்துப்போனவர்'. அதற்கும் மேல் போனால் 'எரிச்சல்'. திருப்தியானவருக்கு 1 மதிப்பெண், பொறுத்துப்போனவருக்கு அரை, எரிச்சல் அடைந்தவருக்கு பூஜ்யம். கூட்டி, மொத்த வருகையால் வகுத்தால் 0 முதல் 1 வரை ஓர் எண் வரும். பொறுத்துப்போகிறவர்களை முழுத் திருப்தி என்று எழுதி ஏமாற்றிக்கொள்ளாத அந்த அரை மதிப்பெண்தான் இந்த முறையின் நேர்மை.

வேகமாக்கினால் எண் மோசமானது ஏன்?

நிஜப் பார்வையாளர் கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு கதை உண்டு. யூடியூபில் பொறியாளராக இருந்த கிறிஸ் ஸகரையஸ் 2012ல் எழுதியது. அதற்குச் சுமார் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, யூடியூபில் வீடியோ பார்க்கும் பக்கம் 1.2 எம்பி எடைக்கு ஊதிப்போயிருந்தது. இதை 100 கேபிக்குள் கொண்டுவருகிறேன் என்று உட்கார்ந்தார் அவர். தேவையில்லாததை எல்லாம் வெட்டி 98 கேபிக்குக் கொண்டுவந்தும் விட்டார். 'ஃபெதர்', அதாவது இறகு, என்று பெயர் வைத்தார்கள். பார்வையாளர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அதைக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் எண்களைச் சேகரித்தார்.

வந்த எண்ணைப் பார்த்தவருக்கு அதிர்ச்சி. பக்கத்தின் எடை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்திருந்தும், பக்கம் திறக்க ஆன சராசரி நேரம் கூடியிருந்தது!

குழம்பிப்போய், நாடுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா போன்ற இடங்களிலிருந்து புதிதாக ஏராளமானோர் வந்திருந்தார்கள். அவர்களுடைய இணைப்பில் பழைய பக்கம் திறக்கவே 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால் அவர்கள் யூடியூப் பக்கமே வந்ததில்லை. புதிய பக்கம் இரண்டு நிமிடத்தில் திறந்தது. இரண்டு நிமிடம் என்பது நமக்கு யுகம். அவர்களுக்கோ, முதன்முறையாக வீடியோ பார்க்க முடிந்த நேரம். அந்த 'இரண்டு நிமிட'க்காரர்கள் கணக்கில் சேர்ந்ததால்தான் சராசரி ஏறியது.

ஒரு கிளினிக்கில், உள்ளே போய் டாக்டரைப் பார்த்தவர்களின் காத்திருப்பு நேரத்தை மட்டும் எழுதி வைத்தால் இப்படித்தான் ஆகும். கூட்டத்தைப் பார்த்து வாசலோடு திரும்பியவர் எந்த நோட்டிலும் இருக்க மாட்டார். இணையத்திலும் அதுதான் நடக்கிறது. அளக்கிற அந்தச் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் போனுக்கு வந்துசேரும் முன்பே பொறுமை இழந்து மூடிவிட்டவர் கணக்கில் வரவே மாட்டார். அதனால் எரிச்சல் எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று எந்த இணையதளமும் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது.

சராசரியும் நல்ல ஏமாற்றுக்காரன்தான். 100 பேரில் 80 பேருக்கு 1 நொடி, 20 பேருக்கு 16 நொடி என்றால் சராசரி 4 நொடி. ஆனால் 4 நொடி காத்திருந்தவர் என்று அந்த 100 பேரில் ஒருவர்கூட இல்லை. அதனால் கூகுள் வேறு முறை வைத்திருக்கிறது. எல்லோரையும் வேக வரிசையில் நிற்கவைத்து, 75வது ஆளின் நேரத்தைப் பார்க்கிறது. இதிலும் ஓட்டை இருக்கிறது. நம் உதாரணத்தில் 75வது ஆளுக்கு 1 நொடிதான். கடைசி 20 பேர் மறுபடியும் காணாமல் போய்விட்டார்கள்!

மூன்று எண்கள்

2020ல் 'கோர் வெப் வைட்டல்ஸ்' என்று மூன்று அளவுகோல்களை கூகுள் அறிவித்தது. அதில் ஒன்றை 2024 மார்ச்சில் மாற்றியது. இப்போது இருப்பவை இவை. பக்கத்தின் முக்கியப் பகுதி, பெரும்பாலும் பெரிய போட்டோ அல்லது பெரிய எழுத்துப்பகுதி, கண்ணில் பட 2.5 நொடிக்கு மேல் ஆகக்கூடாது. இது எல்சிபி. பட்டனை அழுத்தினால் 200 மில்லிநொடிக்குள் திரையில் ஏதாவது அசைவு தெரிய வேண்டும். இது ஐஎன்பி. மூன்றாவதுதான் எல்லோருக்கும் ரத்தக்கொதிப்பைக் கூட்டுவது. படித்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு விளம்பரம் வந்து உட்கார, வரி கீழே இறங்கிப்போகும். ஒன்றைத் தொடப்போய் வேறொன்றைத் தொட்டுவிடுவோம். இந்தக் குதியாட்டத்துக்கு சிஎல்எஸ் என்று பெயர். 0.1க்குள் இருந்தால் நல்லது.

தமிழ் இணையதளங்களுக்கு இதில் ஒரு தனிப் பிரச்னை உண்டு. அழகான தனி எழுத்துருவைச் சேர்ப்பார்கள். மெதுவான இணைப்பில் அது தாமதமாக வந்துசேரும். அதுவரை போனில் இருக்கும் எழுத்துருவில் தெரிந்த கட்டுரை, திடீரென்று அகலம் மாறி, வரிகள் மடிந்து, பத்தியே கீழே நகரும். தமிழ் எழுத்துக்கள் அகலமானவை என்பதால் இந்த நகர்வும் நன்றாகவே தெரியும். தமிழில் எழுதுவதால்தான் பக்கம் கனக்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. 'க' என்ற ஓர் எழுத்தைச் சேமிக்க 3 பைட் ஆகிறது, ஆங்கில எழுத்துக்கு 1 பைட்தான் என்பது உண்மை. ஆனாலும் இந்தக் கட்டுரை அளவுக்கு எழுதினால் சில பத்து கேபிதான் வரும். போன் கேமராவில் எடுத்து, சுருக்காமல் அப்படியே ஏற்றிய ஒரே ஒரு போட்டோ அதைப்போல் நூறு மடங்குகூட இருக்கலாம். பழியை மொழி மேல் போட வேண்டியதில்லை.

இதில் காசும் இருக்கிறது. பஸ் டிக்கெட் விற்கும் ரெட்பஸ், பட்டனை அழுத்தியபின் ஆகும் தாமதத்தைக் குறைத்ததில் விற்பனை 7 சதவீதம் கூடியது. எகனாமிக் டைம்ஸ் நாளிதழின் தளம் எல்சிபியை 4.5 நொடியிலிருந்து 2.5 நொடிக்குக் கொண்டுவந்தது, சிஎல்எஸ்ஸை 0.25லிருந்து 0.09ஆகக் குறைத்தது. ஒரு பக்கத்தைப் பார்த்தவுடன் ஓடிவிடுகிறவர்களின் விகிதம் 43 சதவீதம் மேம்பட்டது.

நீங்களே பார்க்கலாம்

உங்கள் கடைக்கோ பள்ளிக்கோ இணையதளம் இருந்தால், கூகுளின் 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' பக்கத்தில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். இலவசம்தான். மேலே தெரிவது கடந்த 28 நாட்களில் வந்த நிஜப் பார்வையாளர்களின் அனுபவம். கீழே 100க்கு இத்தனை என்று வண்ணத்தில் தெரியும் மதிப்பெண், ஆய்வுக்கூடச் சோதனை. பலரும் கீழே இருக்கும் 95ஐ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, மேலே சிவப்பாக இருப்பதைக் கவனிப்பதில்லை. பார்வையாளர்கள் குறைவாக வரும் தளமென்றால் மேல் பகுதியில் தகவல் இல்லை என்றே வரும். அப்போது வீட்டில் இருப்பதிலேயே பழைய போனை எடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு, சாயங்காலம் தெருமுனையில் நின்று திறந்து பார்ப்பதுதான் கைவசம் உள்ள சோதனை.

இந்தத் தகவலை கூகுள் யாரிடமிருந்து எடுக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். குரோம் பிரவுசரில் பயன்பாட்டுப் புள்ளிவிவரம் அனுப்பச் சம்மதித்தவர்களிடமிருந்து மட்டும், அதுவும் பெயர் இல்லாமல். ஐபோனில் குரோம் வைத்திருப்பவர்கள் இதில் சேர மாட்டார்கள். இணையதளம் தானே வைக்கும் 'ரம்' கருவி எல்லா பிரவுசரிலிருந்தும் எடுக்கும். ஆனால் ஐபி முகவரி, ஊர் போன்றவையும் அதில் வரலாம். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, எதை எடுக்கிறோம் என்று பார்வையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லாமல் இருப்பது சரியாக இருக்காது.

புதுச்சேரிக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1998ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே கிராமத் தகவல் மையங்களை ஆரம்பித்தது. வில்லியனூரில் மைய அலுவலகம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக் கடலின் அலை உயரத்தை அங்கே எடுத்து, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். பக்கம் மெதுவாகத் திறந்தாலும் பொறுமையாகக் காத்திருந்து படிக்க ஓர் ஆள் இருந்தார். கேட்கிறவர்களுக்குக் காது மட்டும் போதும். இன்றைக்கு ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை முன்னறிவிப்பை இணையத்திலேயே தருகிறது. அதிகாலையில் கடலுக்குப் புறப்படும் முன் பார்க்க நினைப்பவர் அவரவர் போனில், அவரவர் சிக்னலில் திறந்தாக வேண்டும்.

அங்கே வட்டம் சுற்றினால் அது எங்கே பதிவாகும்? கூகுள் பொதுவில் வெளியிடும் கணக்கு நாடு வரைதான் பிரியும், ஊர் வரை இறங்காது. வைத்திக்குப்பத்தின் மாசி மகக் கூட்டம் இந்தியா முழுவதற்குமான மாதக் கணக்கில் ஒரே ஒரு நாள். 75வது ஆளைத் தாண்டி, வரிசையின் கடைசியில் எங்கோ நிற்கும். அந்த வட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால், பஸ் தளமோ கோயில் தளமோ செய்தித் தளமோ தன் சொந்தக் கணக்கை எடுத்து, அந்த நாளை, இந்த ஊரைத் தனியாகப் பிரித்துப் போட்டுப் பார்க்க வேண்டும். மாசி மகம் எந்தத் தேதியில் வருகிறது என்பது பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே போட்டிருக்கிறது.